டேஷ்போர்டு பெட்டி திறக்காமல் மாட்டிக்கொண்டதா? நெம்புவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: எட்டு வருஷம் ஓடிய சின்ன கார். இடப்பக்க சீட்டுக்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் கிளவ் பாக்ஸ் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தால் பாதி தூரம் கனமே இல்லாமல் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. மூடியின் இடது மூலை மட்டும் ஒரு நூல் அளவு வெளியே வருகிறது. வலது மூலை அசையவே இல்லை. உள்ளே ஆர்.சி., இன்ஷூரன்ஸ், இன்னொரு சாவி, ஒரு பவர் பேங்க் எல்லாம் இருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேட்டால் டேஷ்போர்டை இறக்க வேண்டும், பெட்டியை முழு செட்டாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பெரிய ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிவிடலாமா என்று கேட்கிறார்.

நெம்பாதீர்கள். டேஷ்போர்டை இறக்கவும் வேண்டியதில்லை. புதுச்சேரியில் கார் உள்வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இடது மூலை அசைகிறது, வலது மூலை அசையவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பூட்டின் ஒரு பக்கம் வேலை செய்கிறது, மறுபக்கம் செத்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் விடுவித்தால் போதும்.

முதலில் இந்தப் பெட்டி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே இரண்டு கீல். மேலே பூட்டு. திறக்கும்போது மூடி தொப்பென்று முழங்காலில் விழாமல் இருக்க, பெட்டியின் இரு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் தடை. சில கார்களில் கூடவே மெதுவாக இறங்குவதற்கு ஒரு கயிறோ சின்ன டேம்பரோ இருக்கும். அவ்வளவுதான். பூட்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நடுவில் ஒரே கொக்கி; அது டேஷ்போர்டில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்று, கைப்பிடியிலிருந்து இடமும் வலமும் போகும் இரண்டு கம்பிகள். கைப்பிடியை இழுத்தால் நடுவில் உள்ள சின்னச் சக்கரம் திரும்பி, இரண்டு கம்பிகளின் நுனியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்களுடையது இரண்டாவது ரகம். ஒரே கொக்கியாக இருந்தால் ஒரு மூலை மட்டும் தனியாக வெளியே வராது.

வலது கம்பி ஏன் வரவில்லை? காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கம்பியின் அடி, சக்கரத்தில் குமிழ் மாதிரி ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும், அது கழன்றிருக்கலாம். கம்பி ஓடும் வழியில் ஒரு ரூபாய் நாணயமோ, சார்ஜர் வயரோ, பேனா மூடியோ சிக்கியிருக்கலாம். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சாமான் மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில் கம்பி நுனி ஓட்டையின் ஓரத்தில் இறுகிப்போயிருக்கும்.

மூன்றாவதுதான் நம் பக்கத்தில் அதிகம். அதற்குக் கடற்கரைக் காற்றும் ஒரு காரணம். தேவனாம்பட்டினம், ஆல்பேட்டை, இந்தப் பக்கம் அரியாங்குப்பம், வீராம்பட்டினம் என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் ஈரம் காகிதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். காரோடு கொடுத்த தடிமனான கையேடு, அஞ்சாறு வருஷ இன்ஷூரன்ஸ் தாள்கள், சர்வீஸ் பில்கள், டோல் ரசீதுகள், கோயில் விபூதிப் பொட்டலம், மேலே ஒரு டவல். வாங்கிய வருஷம் சரியாக மூடிய பெட்டி, காகிதம் ஊதிய பிறகு பிதுங்கும். நாம் என்ன செய்கிறோம்? முழங்காலால் ஒரு இடி இடித்து மூடிவிடுகிறோம். மூடிவிட்டது, திறக்காது. இன்னொரு கூட்டம் உண்டு: பெட்டி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று துணியையோ அட்டையையோ மடித்து மூடியின் ஓரத்தில் செருகுகிறவர்கள். சத்தம் நின்றுவிடும், பூட்டும் நின்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். அதற்கு முன் இரண்டு எச்சரிக்கை.

முதலாவது ஏர்பேக். பயணி பக்க ஏர்பேக் இந்தப் பெட்டிக்கு நேர் மேலே, டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருஷக் கடைசியிலிருந்தும் இது கட்டாயம். உங்கள் கார் அதற்கு முந்தியது என்றாலும், மேல் வேரியண்ட்டாக இருந்தால் ஏர்பேக் இருக்கும். டேஷ்போர்டின் மேலே அதற்கான எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கையில் கருவி எடுப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கழற்றிய உடனே கை வைக்காதீர்கள். ஏர்பேக் யூனிட்டுக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். பத்து நிமிஷம் விடுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். உள்ளே மஞ்சள் நிற கனெக்டர் எதையாவது பார்த்தால் அது ஏர்பேக் வயர், பக்கத்தில் போகாதீர்கள். ஆணி, டிரில், நீளமான இரும்புக் கம்பி எதையும் மேல்நோக்கிக் குத்தக் கூடாது.

இரண்டாவது, நீங்கள் சொன்ன பவர் பேங்க். லித்தியம் பேட்டரி வெயிலில் அடைபட்டுக் கிடக்கக் கூடாத பொருள். பெட்டி திறக்கும் வரைக்கும் காரை நிழலில் நிறுத்துங்கள். ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டுவது, சால்டரிங் அயர்ன் வைத்து ஓட்டை போடுவது எல்லாம் உங்கள் காரில் வேண்டவே வேண்டாம். டியோடரன்ட் கேன், லைட்டர் உள்ளே போட்டிருக்கிறவர்களுக்கும் இதேதான்.

ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயல் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் கதை வேறு. 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி பக்கம் கரையேறிய அந்தப் புயலும், அதற்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் நிறைய கார்களுக்குள் தண்ணீரை விட்டன. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் யூனிட் பெரும்பாலான கார்களில் கியர் கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். சீட் வரைக்கும் தண்ணீர் ஏறியது என்றால் அது நனைந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பெட்டியை நீங்களாகக் கிளறாமல் எலெக்ட்ரீஷியனிடம் முதலில் காட்டுங்கள்.

இப்போது முதல் முயற்சி. கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். காலையில், வண்டி சூடாவதற்கு முன்னால் செய்யுங்கள். வெயிலில் நின்ற டேஷ்போர்டில் பிளாஸ்டிக் விரிந்து இடைவெளி இறுகியிருக்கும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையை மூடியின் வலது மேல் மூலையில் வைத்து உள்நோக்கி நன்றாக அழுத்த வேண்டும். வெளியே இழுக்கும் எண்ணமே கூடாது; உள்ளேதான் தள்ள வேண்டும். அழுத்தம் குறையும்போதுதான் கம்பி நுனி ஓட்டையில் தளரும். அதே நேரம் இன்னொருவர் கைப்பிடியைக் கடைசி வரைக்கும் மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே, அழுத்துகிறவர் அந்த மூலையில் முஷ்டியின் பக்கவாட்டால் இரண்டு மூன்று தட்டுத் தட்டட்டும். சிக்கல் வெறும் அழுத்தம் என்றால் இதிலேயே டக் என்று விட்டுவிடும்.

உங்களுடைய காரில் கைப்பிடி கனமில்லாமல் வருகிறது என்பதால் கம்பி கழன்றிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் முதல் முயற்சி தோற்றால் ஆச்சரியப்படாதீர்கள். தோற்றது என்பதே ஒரு தகவல். இதற்கு மேல் கைப்பிடியை இழுத்துப் பிரயோசனமில்லை. கோபத்தில் இன்னும் பலமாக இழுத்தால் கைப்பிடியின் காது உடையும், அப்புறம் வேலை செய்யும் இடது பக்கமும் போய்விடும்.

அடுத்த அடி வைப்பதற்கு முன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அதே மாடல் கார் வைத்திருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். கடலூரில் அந்த மாடலுக்குப் பஞ்சமே இருக்காது. ஒரு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனாலே கிடைக்கும். அந்தக் காரின் பெட்டியைத் திறந்து, வலது கம்பியின் நுனி மூடியின் மேல் ஓரத்திலிருந்து எத்தனை விரல்கடை கீழே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அது போய் உட்காரும் ஓட்டை பின்னால் திறந்திருக்கிறதா, அல்லது மூடிய கிண்ணமா என்று பாருங்கள். கீல் திருகில் நிற்கிறதா, கொக்கியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். போனில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் துழாவும் வேலை, கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையாக மாறிவிடும்.

இனி இரண்டாவது முயற்சி, இடைவெளி வழியாக. வீடியோக்களில் பழைய ஏடிஎம் கார்டைச் செருகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வேலைக்காகாது, காரணம் இதுதான். கம்பியின் நுனி ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். மூடியை அடித்து மூடும்போது தானாக உள்வாங்குவதற்காக அந்தச் சரிவு டேஷ்போர்டின் உட்பக்கம் பார்த்திருக்கும். வெளியிலிருந்து கார்டைத் தள்ளினால் நீங்கள் முட்டுவது மட்டமான பக்கத்தில். எவ்வளவு தள்ளினாலும் அது நகராது. நுனிக்குப் பின்னால் போய், சரிவின் மேல் பட்டு, உங்களை நோக்கி இழுக்க வேண்டும்.

அதற்கு ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி போதும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். மூடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் போகும். சந்து அதைவிடக் குறுகலாக இருந்தால் மெல்லிய, விறைப்பான ஸ்டீல் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை நோஸ் பிளேயரால் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக எல் வடிவில் மடியுங்கள். கூரான முனையை ராவிவிட்டு ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். மூடியின் ஓரம், டேஷ்போர்டின் ஓரம் இரண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். கீறல் விழுந்தால் அது கடைசி வரைக்கும் போகாது. மூடியை ஒருவர் இடது கையால் லேசாக உள்ளே அழுத்திப் பிடிக்க, மடித்த நுனி சந்தின் நீளத்தோடு படுத்த மாதிரி ஸ்போக்கை உள்ளே விடுங்கள். நீங்கள் அளந்து வைத்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நுழைத்து, ஆழம் தாண்டியதும் மெல்ல மேலே ஏற்றுங்கள். நுனி எதிலோ தட்டும். இப்போது ஸ்போக்கைக் கால்வாசி திருப்பினால் மடிப்பு பூட்டு நுனியின் பின்னால் மாட்டும். கைப்பிடியை இழுத்து இடது பக்கத்தை விடுவித்தபடி, ஸ்போக்கை உங்களை நோக்கி இழுங்கள். சரிவு தன் வேலையைச் செய்யும். நுனி நழுவி உள்ளே போகும், மூடி இறங்கிவிடும்.

அந்த ஓட்டை மூடிய கிண்ணமாக இருந்தால் ஸ்போக் பின்னால் போகாது. அங்கே மல்லுக்கட்டாமல் மூன்றாவது வழிக்குப் போங்கள்.

மூன்றாவது வழி கீழே இருந்து. இடப்பக்க சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, காலடிப் பாயை எடுத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை விட்டு மல்லாந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, டேஷ்போர்டு வேலை முக்கால்வாசி இந்த நிலையில்தான் நடக்கிறது. டார்ச் அடித்தால் பெட்டியின் அடியில் கீல் தெரியும். சில கார்களில் அதை மறைத்து ஒரு தட்டு இருக்கும். இரண்டு கிளிப்போ ஸ்டார் ஸ்க்ரூவோ கழற்றினால் அது வந்துவிடும். கீல் திருகில் நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். திருகைக் கழற்றிக் கீலை விடுவித்து, பெட்டியின் அடிப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்து, கீழ்நோக்கிச் சாய்த்தால் மேலே உள்ள வலது நுனி கோணலாகி ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டு வரும். இடது பக்கத்துக்குக் கைப்பிடியை இழுத்துப் பிடித்தால் போதும்.

நம் ஊரில் இந்தத் திருகுகள் ஒரு தனித் தொல்லை. உப்புக் காற்றில் தலை துருப்பிடித்திருக்கும். அளவு சரியில்லாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை மழுங்கி, திருகு வட்டமாகிவிடும். அதோடு எல்லா வேலையும் நின்றுவிடும். டபிள்யூடி-40 ஒரு துளி விட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டு, திருகின் குழிக்குள் ஆடாமல் உட்காரும் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்து, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் திசையில் திருப்பி, அப்புறம் கழற்றும் திசைக்கு வாருங்கள். துரு உடையும் சத்தம் கேட்கும்.

கீல் கொக்கி ரகமாக இருந்தால், பல மாருதி கார்களில் இருப்பது போல, பெட்டி ஒரு கம்பியின் மேல் சும்மா கவ்விக்கொண்டிருக்கும். மூடி திறந்திருக்கும்போது இது ரொம்ப சுலபமாகக் கழலும். மூடியிருக்கும் கோணத்தில் சில மாடல்களில் கழலாது. அடியில் கை விட்டு இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் கொடுத்தால் கழலும். கல் மாதிரி நின்றால் விட்டுவிடுங்கள், கொக்கி உடைந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த வழியில் இறக்கினாலும் ஒரேயடியாக இழுத்து எடுக்கக் கூடாது. உள்ளே சின்ன விளக்கு இருந்தால் அதற்கு வயர் வரும். பெட்டியைக் குளிர வைக்கும் வசதி இருந்தால் ஏசி குழாய் ஒன்று பின்னால் செருகியிருக்கும். டேம்பர் கயிறு ஒரு ஓரத்தில் மாட்டியிருக்கும். ஒரு சாண் இறக்கி, கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக விடுவியுங்கள்.

இதெல்லாம் தோற்றால்? அப்போது எதையாவது உடைத்துத்தான் ஆக வேண்டும். எதை உடைப்பது என்பதுதான் விஷயம். மூடியையோ டேஷ்போர்டின் ஓரத்தையோ உடைக்காதீர்கள், கைப்பிடியை உடையுங்கள். கைப்பிடி தனியாகக் கிடைக்கும், பெரும்பாலான கார்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மூடி அப்படியில்லை, பல கம்பெனிகள் பெட்டியோடு சேர்த்தே விற்கின்றன. உங்களிடம் முழு செட் மாற்ற வேண்டும் என்று சொன்னதற்கும் அதுவே காரணமாக இருக்கும். கைப்பிடியைக் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக எடுத்தால் பின்னால் இருக்கும் சக்கரமும் கம்பியின் அடியும் கண்ணுக்குத் தெரியும். கழன்று கிடக்கும் வலது கம்பியை நோஸ் பிளேயரால் பிடித்து நடுப்பக்கம் இழுங்கள், இடது கம்பியையும் அப்படியே. மூடி திறந்துவிடும். ஏற்கெனவே கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டவர்களுக்கும் இதுதான் வழி, அவர்கள் மேலே சொன்னதையெல்லாம் தாண்டி நேராக இங்கே வரலாம்.

கைப்பிடி அசையவே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவித் துவாரம் இருக்கிற பெட்டியா என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளை விளையாட்டாகப் பூட்டியிருக்கும். பெரியவர்கள் பூட்டு கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சுற்றுவார்கள். ரிமோட் சாவி என்றால் அதற்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். சாவி போகிறது, திரும்பவில்லை என்றால் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். விபூதி குங்குமம் கொட்டிய பெட்டிகளில் துவாரத்துக்குள்ளும் அந்தத் தூள் இருக்கும். பென்சிலைச் சாவியின் மேல் நன்றாகத் தேய்த்து, போட்டுப் போட்டு எடுங்கள். பென்சில் கரி நல்ல உலர் மசகு.

திறந்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம், இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி இதே கேள்வி வரும். மூடியின் உட்புறத்தில் நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் பூட்டுப் பகுதி முழுவதும் தெரியும். கழன்ற கம்பியின் கிளிப்பைப் பாருங்கள். கிளிப் முழுதாக இருந்தால் விரலால் அழுத்தி மாட்டிவிடலாம். வாய் விரிந்திருந்தால் மறுபடி கழலும். அந்தக் கைப்பிடி செட்டை மாற்றிவிடுங்கள். ஒட்ட நினைக்கிறவர்கள் முதலில் பாகத்தின் பின்புறம் பாருங்கள், எந்தப் பிளாஸ்டிக் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். பிபி (PP, பாலிபுரோப்பிலீன்) என்று இருந்தால் ஃபெவிக்விக் பிடிக்காது, அரால்டைட்டும் நிற்காது. சால்டரிங் அயர்னால் உருக்கி இணைப்பதுதான் வழி, அதையும் பாகத்தைக் காரிலிருந்து வெளியே எடுத்துவந்து செய்ய வேண்டும். ஏபிஎஸ் (ABS, இன்னொரு வகைப் பிளாஸ்டிக்) என்று இருந்தால் அரால்டைட் நன்றாக நிற்கும், ஆனால் ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். கறுப்பு மூடிக்குப் பக்கத்தில் ஃபெவிக்விக் பயன்படுத்தினால் அதன் ஆவி வெள்ளையாகப் படியும், அது இன்னொரு தலைவலி.

கம்பி ஓடும் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; நாளாக ஆக அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டபிள்யூடி-40 துருவைத் தளர்த்துவதற்கு நல்லது, நிரந்தர மசகாக நினைக்க வேண்டாம். மூடியின் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதில் ஒன்று விழுந்திருந்தாலும் அந்தக் கடகட சத்தம் வரும். துணி செருகாமல் குமிழை மாற்றுங்கள், அல்லது மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள்.

பெட்டி கையில் வந்தபின் இன்னொன்றும் பாருங்கள். பல கார்களில் இதற்குப் பின்னால்தான் ஏசி ஃபில்டர் இருக்கிறது. எட்டு வருஷத்தில் அது எத்தனை தடவை மாற்றப்பட்டது என்று உங்களுக்கே தெரியாது. உருவிப் பாருங்கள், கறுப்பாக அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம்.

பாகம் வாங்கும்போது வண்டி வருஷத்தையும் மாடலையும் மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் வேரியண்ட்டுக்கு ஒரு நிறம், ஒரு பூட்டு. பழைய கைப்பிடியின் பின்னால் பாக எண் அச்சிட்டிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டுங்கள். கம்பெனியே நிறுத்திவிட்ட பழைய மாடல் என்றால் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கும். அங்கே வாங்கினால் கைப்பிடியை மட்டும் வாங்காமல் மூடியோடு வாங்குங்கள், கீல் காது விரிசல் இல்லையா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

அதுவரை ஆர்.சி. உள்ளே மாட்டிக்கொண்டதே, போலீஸ் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். அரசின் போன் ஆப்களான டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் இருக்கும் ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் செல்லும். 2018-லேயே மத்திய அரசு மோட்டார் வாகன விதியை அதற்கேற்ப மாற்றிவிட்டது. ஆனால் ஒன்று. புதுச்சேரி போய்விட்டுக் கடலூர் திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மது பாட்டில் இருக்கிறதா என்று வண்டியைச் சோதிப்பார்கள். டேஷ்போர்டு பெட்டியைத் திறக்கச் சொல்லி, அது திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னால், நம்புகிற போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. இந்த வாரம் புதுச்சேரி வர வேண்டியிருந்தால் பஸ்ஸில் வாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்கே திரும்பப் போவதாக இருந்தால், டேஷ்போர்டை இறக்குவதற்குச் சம்மதம் சொல்லும் முன் ஒன்று கேளுங்கள்: கீலைக் கீழிருந்து கழற்றிப் பார்த்தீர்களா? இல்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதாக, கைப்பிடி செட் தனியாக வருமா என்று பார்ட்ஸ் கவுண்டரில் நேராகக் கேளுங்கள், அட்வைசர் மூலமாக அல்ல.

மாட்டும்போது பெட்டியைக் காலியாக வைத்து, நாலைந்து தடவை மெதுவாக மூடித் திறந்து, இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் விடுகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் சாமான். பேட்டரியை மாட்டியபின் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்; சில கார்களில் ஸ்டீரியோ கோட் கேட்கும், கண்ணாடி தானாக ஏறுவது நின்றிருக்கும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏதோ கனெக்டர் தளர்ந்திருக்கிறது. நீங்களாகத் தேடாமல் அன்றைக்கே ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் காட்டிவிடுங்கள்.